கணக்கில் சேராத மணிநேரம்

நுழையும்முன்

தொண்டு என்றவுடன், இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். புனே நகரின் ஔந்த் பகுதியில் வாழும் தமிழ் மாணவி ஒருத்தியும் அவ்வாறே எண்ணியிருந்தாள். ஒரு மாலைப்பொழுது அவ்வெண்ணத்தை மாற்றியது. அது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் படித்தறிவோம்.

1. நூற்றிருபது என்னும் எண்

புனே நகரின் வடமேற்கில், முளா ஆற்றின் கரையில் அமைந்துள்ளது ஔந்த். மேற்கே ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்த பிறகு, அங்குப் பணிபுரியும் பலமொழிக் குடும்பங்கள் ஔந்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறின. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்றின் மூத்த மகள் பதினொன்றாம் வகுப்பில் பயின்று வந்தாள். சென்னையிலிருந்து அவள் வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. மராத்தி அவளுக்கு நன்றாகப் புரியும்; பேசும்போதுதான் நா தடுமாறும்.

பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட அணியில் அவள் சேர்ந்திருந்தாள். காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி, 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்ட திட்டம் அது. 1985இல் மேல்நிலை வகுப்புகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. இத்திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணிநேரம் என இரண்டாண்டுகளில் 240 மணிநேரம் தொண்டாற்றுதல் வேண்டும்; ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்றல் வேண்டும். 'எனக்காக அன்று, உனக்காக' என்பது இதன் குறிக்கோளுரை.

ஆனால் அம்மாணவியின் மனத்தில் நின்றது குறிக்கோளுரை அன்று; 120 என்னும் எண்ணே. நாள், செய்த பணி, மணிநேரம், ஆசிரியர் கையொப்பம் என நான்கு பத்திகள் கொண்ட குறிப்பேடு ஒன்றை அவள் வைத்திருந்தாள். மரக்கன்று நடுதல், மூன்று மணி. முதியோர் இல்லத்தில் பாட்டுப் பாடுதல், இரண்டு மணி. விழிப்புணர்வுப் பேரணி, இரண்டரை மணி. கூட்டிப் பார்த்தால் நூறுக்கு இன்னும் நெடுந்தொலைவு இருந்தது. எனவே, விநாயகர் விழாவின் ஐந்தாம் நாள் மாலை ஆற்றங்கரையில் பணி என்று ஆசிரியர் அறிவித்தபோது, அவள் முதலில் எண்ணிப் பார்த்தது ஆறு மணிநேரம் கிடைக்கும் என்பதையே.

2. ஆறு எங்கே போகிறது?

மகாராட்டிரத்தில் வீட்டு வழிபாடாக இருந்த விநாயகர் சதுர்த்தியை 1893 முதல் மக்கள் கூடும் பொதுவிழாவாக வளர்த்தவர் பாலகங்காதர திலகர். இன்றும் புனேயில் அவ்விழாவுக்கு இணையான விழா வேறில்லை. வீட்டில் வைத்து வணங்கிய திருவுருவை ஒன்றரை நாளிலோ, ஐந்தாம் நாளிலோ, ஏழாம் நாளிலோ, பத்து நாள் கழித்து அனந்த சதுர்த்தசியன்றோ நீரில் கரைப்பர். ஔந்தில் முளா ஆற்றின் குறுக்கே உள்ள ராஜீவ் காந்தி பாலத்தை ஒட்டிய படித்துறைக்கு அந்நாள்களில் மக்கள் திரள்திரளாக வருவர்.

கரைப்பதில் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, உருவம் செய்யப்பட்ட பொருள். களிமண் நீரில் கரையும். பாரிஸ் சாந்து கரையாது. ஔந்துக்கு அண்மையில் பாஷாண் சாலையில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் இதற்கு ஒரு வழி கண்டது. அம்மோனியம் பைகார்பனேட் கலந்த நீரில் பாரிஸ் சாந்து உருவத்தை இட்டால், அது சிதைந்து சுண்ணக் கார்பனேட்டாகவும், உரமாகப் பயன்படும் அம்மோனியம் சல்பேட்டாகவும் மாறிவிடும். இதனை வீட்டிலேயே ஒரு வாளியில் செய்யலாம்.

இரண்டாவது இடர், திருவுருவோடு வரும் மாலைகள், அறுகம்புல், செம்பருத்தி, தேங்காய், பழம் ஆகியன. இறைவனுக்குச் சூட்டிக் களைந்த மலரை மராத்தியில் 'நிர்மால்ய' என்பர். தமிழிலும் நிர்மாலியம் என்னும் சொல் வழக்கில் உள்ளது. அதனைக் காலில் மிதிபடும் குப்பையில் இட மக்களுக்கு மனம் வராது. ஆகையால், நெகிழிப் பையில் கட்டியபடியே ஆற்றில் எறிந்துவிடுவர். மலர் அழுகும்; பை மிதக்கும். இதனைத் தடுக்கவே படித்துறைகளில் நிர்மாலியத்தைத் தனியே பெற்று எருவாக்கும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. மாணவர்கள் கலத்தின் அருகே நின்று, "நிர்மால்ய இதே த்யா", அதாவது 'நிர்மாலியத்தை இங்கே கொடுங்கள்' என்று பணிவுடன் கேட்க வேண்டும். அதுவே அன்றைய பணி.

பணி தொடங்குமுன் ஆசிரியர் ஒரு வினா எழுப்பினார். "இங்கே விழும் ஒரு பை எங்கே போய்ச் சேரும்?"

முளா, நகருக்குள் முட்டா ஆற்றுடன் சேரும். முளா-முட்டா, பீமா ஆற்றில் கலக்கும். பீமா, கர்நாடக எல்லையில் கிருஷ்ணையை அடையும். கிருஷ்ணை ஆந்திரத்தைக் கடந்து வங்கக் கடலில் விழும். மாணவர்கள் இவ்வளவையும் கூறினர். ஆசிரியர் மேலும் ஒன்று சொன்னார். கிருஷ்ணையின் நீரில் ஒரு பங்கு ஸ்ரீசைலம் அணையிலிருந்து கால்வாய் வழியே திருப்பப்பட்டுக் கண்டலேறு நீர்த்தேக்கத்தின் வழியாகச் சென்னைக்கு அருகிலுள்ள பூண்டி ஏரிக்கு வருகிறது. 1996இல் முதன்முதலாக அந்நீர் தமிழ்நாட்டை அடைந்தது. அதற்கெனத் தம் பங்கு நீரை விட்டுக்கொடுக்க இசைந்த மூன்று மாநிலங்களுள் மகாராட்டிரமும் ஒன்று.

பூண்டி என்ற பெயரைக் கேட்டதும் அம்மாணவி நிமிர்ந்தாள். சென்னையில் பாட்டி வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நாளும் வாரா நாளும் அவளுக்குத் தெரியும். மூன்றாண்டுகளாகப் பள்ளிப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்த முளா ஆற்றை அவள் ஒருநாளும் தன் ஆறாக எண்ணியதில்லை. இது அவர்கள் ஊர், அவர்கள் விழா, அவர்கள் ஆறு என்பதே அவள் எண்ணம். இப்போது அந்த 'அவர்கள்' என்னும் சொல் சற்றே தளர்ந்தது.

3. மாவ்ஷியின் விரல்

கலத்தின் மறுபுறம் நின்றவர்கள் மாணவர்கள் அல்லர். குப்பை சேகரிக்கும் தொழிலாளர்கள். புனேயில் குப்பையிலிருந்து தாளும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கி விற்று வாழ்ந்தோர் 1993இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்னும் தொழிற்சங்கமாக ஒன்றுதிரண்டனர். காகிதம், கண்ணாடி, தகரம் ஆகிய மூன்றும் அதன் பெயரிலேயே உள்ளன. அவ்வமைப்பின் வழியே உருவானது 'ஸ்வச்ச்' என்னும் கூட்டுறவு நிறுவனம். 2008 முதல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, வீடுவீடாகச் சென்று குப்பை பெறும் பணியை அது ஆற்றிவருகிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களே அதன் உரிமையாளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வீட்டார் தரும் மாதக் கட்டணமும், பிரித்தெடுத்த பொருள்களை விற்றுக் கிடைக்கும் தொகையும் அவர்களுடைய வருவாய்.

மாணவர்கள் பெற்றுத் தரும் பைகளை அப்பெண்கள் அவிழ்த்து, மலரை ஒருபுறமும், நெகிழியை ஒருபுறமும், தேங்காயையும் பழத்தையும் மற்றொருபுறமும் பிரித்தனர். அவர்களுடைய விரல்களின் விரைவை அம்மாணவி வியந்து நோக்கினாள். அவள் ஒரு பையை அவிழ்ப்பதற்குள் அவர்கள் ஐந்து பைகளை முடித்திருந்தனர். அப்போதுதான் ஒரு முகம் அவளுக்குப் பழகிய முகமாகத் தோன்றியது. காலைதோறும் தன் குடியிருப்பின் படிகளில் "கசரா!" என்று குரல் கொடுத்து ஏறிவரும் பெண்மணி அவர். மூன்றாண்டுகளாகக் கேட்ட குரல். ஆயினும், முகத்தை அவள் நேருக்குநேர் பார்த்தது அன்றுதான்.

"மாவ்ஷி, நீங்களா?" என்றாள்.

மகாராட்டிரத்தில் வீட்டுப் பணி செய்யும் பெண்களையும் குப்பை பெற வரும் பெண்களையும் 'மாவ்ஷி' என்றே அழைப்பர். தாயின் உடன்பிறந்தவள் என்பது அதன் பொருள். தமிழில் சொன்னால் பெரியம்மா அல்லது சித்தி.

அவர் சிரித்தார். அவருடைய வலக்கைச் சுட்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. அத்துணி பழுப்பேறி, ஓரத்தில் கறை படிந்திருந்தது. என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள்.

"கண்ணாடி, பாளா. ஈரக் குப்பைக்குள் கிடந்தது. பார்க்கவில்லை."

"கையுறை இல்லையா, மாவ்ஷி?"

"இருக்கிறது. ஈரத்தில் அது வழுக்கும். எது என்ன என்று விரலுக்குத்தானே தெரியும்?"

அவ்வளவே. யாரையும் அவர் குறை கூறவில்லை. அடுத்த பையை எடுத்தார்.

அம்மாணவிக்கு அவ்வாரச் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. அன்று இரவு அவள் தம்பி தண்ணீர்க் குவளையைக் கைதவறி உடைத்தான். உடைந்த துண்டுகளைப் பெருக்கி அள்ளி, காய்கறித் தோலும் மீந்த சோறும் கிடந்த கூடையில் கொட்டியவள் அவளே. தம்பியின் காலில் குத்திவிடக் கூடாது என்று தரையை இருமுறை ஈரத்துணியால் துடைத்ததும் அவளே. கூடையைக் காலையில் எடுப்பவருக்கும் கை உண்டு என்பது அப்போது அவள் நினைவில் எழவில்லை.

அக்கண்ணாடிதான் அவ்விரலைக் கிழித்தது என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. அப்பெண்மணி நாள்தோறும் பல வீடுகளின் கூடைகளைக் கையாள்கிறார். ஆயினும், அது தன் வீட்டுக் கண்ணாடி அன்று என்று சொல்லிக்கொள்ளவும் அவளால் இயலவில்லை. பணி முடிந்ததும் ஆசிரியர் குறிப்பேட்டில் 'ஆறு மணிநேரம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அனைவரும் கூடி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டனர். அதில் அவள் முகம் மட்டும் வேறெங்கோ திரும்பியிருந்தது.

4. கையெழுத்து வேண்டுமா?

மறுநாள் அவள் வீட்டில் மூன்று கூடைகள் வைத்தாள். ஈரக் குப்பை, உலர் குப்பை, தீங்கு விளைக்கக்கூடிய குப்பை என மூன்றாகப் பிரித்துத் தருவது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி ஒவ்வொரு வீட்டாரின் கடமையாக இருந்தது. குழந்தைகளின் அணையாடை, மாதவிலக்குப் பஞ்சு ஆகியவற்றைத் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி இட்டுத் தருமாறு 'ஸ்வச்ச்' அமைப்பு வேண்டிவருகிறது. அப்புள்ளியைக் கண்டால் எடுப்பவர் அதனைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. அம்மாணவி அம்முறையைக் கண்ணாடிக்கும் விரித்தாள். உடைந்த துண்டுகளைத் தடித்த தாளில் பொதிந்து, மேலே 'காச்' என்று மராத்தியில் சிவப்பு மையால் எழுதினாள். காச் என்றால் கண்ணாடி.

"இதை இத்தனை நாள் நாம் செய்யவில்லையே" என்றார் அவள் தாய். அவருடைய குரலில் வியப்பைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

பின்னர் அவள் குடியிருப்பின் மற்ற வீடுகளின் கதவுகளைத் தட்டினாள். ஒரு வீட்டில் பொறுமையாகக் கேட்டனர். மற்றொரு வீட்டில், "நாங்கள் மாதந்தோறும் பணம் தருகிறோம். பிரிப்பது அவர்கள் வேலை" என்றனர். மூன்றாம் வீட்டில் இருந்தவர் ஒரு தமிழ் அம்மையார். அவர் அன்போடு அவளை உள்ளே அழைத்து, எல்லாவற்றையும் கேட்டபின், "பள்ளியில் கொடுத்த வேலையா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும், கொடு" என்று பேனாவை எடுத்தார்.

அவள் நாணி நின்றாள். அவர் மீது பிழை இல்லை. சென்ற வாரம் வரை அவளும் அப்படித்தான் கதவுகளைத் தட்டினாள், குறிப்பேட்டோடுதான் சென்றாள்.

"கையெழுத்து வேண்டாம், ஆன்ட்டி. கண்ணாடியை மட்டும் தனியாகக் கொடுங்கள்" என்றாள்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, சிறிது நேரம் அவளையே பார்த்தார். பிறகு, "உட்கார். எப்படிப் பொதிய வேண்டும், காட்டு" என்றார்.

5. ஒப்புரவும் உழவாரமும்

திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரம் 23ஆவது. அதற்கு முன்னே 22ஆவதாக நிற்பது ஒப்புரவறிதல். இரண்டும் ஒன்று போலத் தோன்றினும் ஒன்றல்ல. ஈகையில் கொடுப்பவர் ஒருவர். இல்லாமையால் பெறுபவர் ஒருவர். ஒப்புரவு என்பதோ ஊரோடு ஒத்து வாழும் முறைமையை அறிந்து, அதற்கேற்பத் தன் பங்கைச் செய்தல். அதில் மேல், கீழ் இல்லை. ஈகைக்கு முன்னே ஒப்புரவு வைக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பார்த்தல் தகும். பிறருக்குக் கொடுக்கப் புறப்படுமுன், தன்னால் பிறருக்கு நேரும் துன்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும் அல்லவா?

தூய்மைப் பணியைத் தாழ்ந்ததாக எண்ணாத மரபும் தமிழருக்கு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் சிலைகளில் எல்லாம் ஒரு கருவியைத் தாங்கி நிற்கிறார். அது வாளும் அன்று, செங்கோலும் அன்று. புல்லைச் செதுக்கும் உழவாரம். அவருக்கு இத்தொண்டில் முன்னோடி அவருடைய தமக்கையார் திலகவதியார். திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு மெழுகும் பணியை அவர் செய்துவந்ததைச் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. இன்றும் தமிழ்நாட்டுக் கோயில்களில் அன்பர்கள் ஒன்றுகூடி உழவாரப்பணி செய்கின்றனர்.

மகாராட்டிரத்துக்கும் அத்தகைய ஒருவர் உண்டு. அவர் 1876 முதல் 1956 வரை வாழ்ந்த காட்கே மகாராஜ். கையில் துடைப்பமும், உண்கலமாக ஒரு மண்கலமும் கொண்டு அவர் ஊர் ஊராகச் சென்றார். ஓர் ஊருக்குள் நுழைந்தால் முதலில் அதன் தெருக்களைப் பெருக்குவார். இரவில் கீர்த்தனை பாடி அறிவுரை கூறுவார். மக்கள் தந்த பொருளைக் கொண்டு ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் தங்கும் விடுதிகள் எழுப்பினார். உழவாரமும் துடைப்பமும் வெவ்வேறு நாட்டவை. அவற்றைப் பிடித்த கைகள் அறிந்தது ஒன்றே.

இவ்விருவரின் வரலாற்றையும் அம்மாணவி முன்பே படித்திருந்தாள். தேர்வில் அவற்றைப் பற்றி எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தாள். பழந்துணி சுற்றிய ஒரு விரலைக் கண்ட பிறகே அவை அவளுக்கு விளங்கின.

6. ஒரு காலை

சில வாரங்கள் சென்றன. குடியிருப்பில் சில வீடுகள் மாறின; சில மாறவில்லை. பிரிப்பது அவர்கள் வேலை என்று கூறிய வீட்டின் வாயிலில் இன்னும் ஒரே கூடைதான் இருந்தது. அவள் மீண்டும் ஒருமுறை அங்குச் சென்றாள். மீண்டும் செல்லவும் எண்ணியிருந்தாள்.

ஒருநாள் காலை, "கசரா!" என்னும் குரல் படியேறி வந்தது. கூடைகளை எடுத்துக்கொண்டு அவளே கதவைத் திறந்தாள். மாவ்ஷியின் விரலில் துணி இல்லை; வெளிறிய ஒரு கோடு மட்டும் இருந்தது. உலர் கூடையின் மேல் சிவப்பு மையில் 'காச்' என்று எழுதிய பொதி ஒன்று கிடந்தது. ஊறுகாய்ப் புட்டி உடைந்த துண்டுகள் அதில் இருந்தன. அவர் அதனைப் படித்தார். இரு விரல்களால் மெல்லத் தூக்கித் தனிப் பையில் வைத்தார்.

"எதிர் வீட்டிலும் இப்படிக் கொடுக்கிறார்கள்" என்றார்.

பிறகு அடுத்த மாடிக்கு ஏறினார். அவள் கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டாள். குறிப்பேடு மேசைமேல் கிடந்தது. அன்றைய நாளுக்கு அதில் அவள் ஒன்றும் எழுதவில்லை.

சொல்லும் பொருளும்

அலகிடுதல் – பெருக்கித் தூய்மை செய்தல்
உழவாரம் – புல் செதுக்கும் கருவி
ஒப்புரவு – ஊரோடு ஒத்து, தன் கடமை அறிந்து வாழ்தல்
நிர்மாலியம் – இறைவனுக்குச் சூட்டிக் களைந்த மலர்
கசரா – குப்பை (மராத்தி)
பாளா – குழந்தாய் (மராத்தி விளி)

பயிற்சி

1. ஔந்தில் ஓடும் முளா ஆற்றுக்கும் சென்னைக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. புகைப்படத்தில் அம்மாணவியின் முகம் ஏன் வேறெங்கோ திரும்பியிருந்தது? உம் சொற்களில் எழுதுக.
3. ஈகைக்கும் ஒப்புரவுக்கும் உள்ள வேறுபாட்டை உம் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் கூறுக.
4. 'மாவ்ஷி' போல, நீவிர் வாழும் மாநிலத்தில் உறவினர் அல்லாதவரை அழைக்கப் பயன்படும் உறவுச்சொற்கள் மூன்றை எழுதி, அவற்றுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் தருக.
5. செயல்பாடு: உம் வீட்டுக் குப்பையை நாள்தோறும் எடுத்துச் செல்பவர் யார்? அவரிடம் பேசி, உம் வீட்டார் எதனை மாற்றிக்கொண்டால் அவர் பணி எளிதாகும் என்று கேட்டறிக. அம்மாற்றத்தை ஒரு வாரம் கடைப்பிடித்த பின், பத்து வரிகளில் எழுதுக.